முதலில் எந்த வாசல்? கிள்ளான் பள்ளத்தாக்கில் புற்றுநோய் மருந்தின் விலை

மலேசியாவில் புற்றுநோய் மருந்துக்கு ஒரே விலை கிடையாது. பிரிக்ஃபீல்ட்ஸில் நின்று பார்த்தால் இது நன்றாகவே தெரியும். பக்கத்திலேயே பங்சாரில் தனியார் மருத்துவமனை. எல்ஆர்டி ஏறி யுனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கினால் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம். நகரின் மறுபுறம், ஜாலான் பகாங்கில், கோலாலம்பூர் பொது மருத்துவமனை. கேஎல் சென்ட்ரலிலிருந்து புத்ராஜெயா பக்கம் ரயிலேறினால் 2013-இல் திறக்கப்பட்ட தேசியப் புற்றுநோய்க் கழகம். எல்லா இடத்திலும் ஏறக்குறைய அதே மருந்துகள்தான். சுகாதார அமைச்சின் மருத்துவமனையில், ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குக்குக் கட்டும் 5 வெள்ளிக்குள் மருந்தும் அடங்கிவிடும். பல்கலைக்கழக மருத்துவமனையில் விலை கூடிய மருந்தென்றால் நோயாளியும் பணம் போட வேண்டி வரும். தனியாரில், நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புதுவகை ஊசி என்றால் ஒரு தவணைக்கே பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டிப் பில் போகும்.

ஆகவே ‘பணத்துக்கு எங்கே போவது’ என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: முதலில் எந்த வாசலில் நுழைவது? நம் குடும்பங்கள் பெரும்பாலும் தனியாரில் தொடங்குகின்றன. அரசாங்க ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்க நாளாகும் என்ற பயம் அதற்கு ஒரு காரணம். ‘பெற்றவளுக்கு நல்ல வைத்தியம் பார்க்கவில்லை’ என்று சொந்தபந்தம் பேசிவிடக்கூடாதே என்பது இன்னொரு காரணம். கையிலிருந்த சேமிப்பு மூன்று நான்கு கீமோவில் கரைகிறது. நகை அடகுக்கடைக்குப் போகிறது. அதற்கப்புறம்தான் அரசாங்க மருத்துவமனைக்கு வருகிறார்கள், நோய் ஒரு படி முற்றிய நிலையில். வரிசையைத் திருப்பிப் போட்டிருந்தால், அந்தச் சேமிப்பு அரசாங்கப் பட்டியலில் கிடைக்காத ஒரு மருந்துக்கோ ஓர் அவசரப் பரிசோதனைக்கோ உதவியிருக்கும்.

இது ஏதோ சிலருக்கு நேர்வதன்று. தென்கிழக்காசியாவின் எட்டு நாடுகளில் 9,513 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ‘ஆக்‌ஷன்’ ஆய்வு 2015-இல் வெளியானது. மலேசியாவும் அந்த எட்டில் ஒன்று. நோய் கண்டறிந்த ஓராண்டுக்குள் 29 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். 48 விழுக்காட்டினர் உயிரோடிருந்தும் பொருளாதாரத்தில் நொடித்துப் போயிருந்தார்கள். வீட்டு வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் சிகிச்சைக்குப் போனால் நொடிப்பு என்பது அந்த ஆய்வின் அளவுகோல். இரண்டிலிருந்தும் தப்பியவர்கள் கால்வாசிப் பேர்கூட இல்லை. 5 வெள்ளிக்குச் சிகிச்சை தரும் நாட்டில் இது எப்படி நடக்கிறது? மருந்துச் சீட்டுக்கு வெளியே நிறையச் செலவு இருக்கிறது. கிள்ளானில் குடியிருக்கும் லாரி ஓட்டுநர் ஒவ்வொரு தவணைக்கும் வேலையை விட்டுவிட்டு மனைவியோடு கொமுட்டரில் கேஎல் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து வேறு வண்டி மாற வேண்டும். அன்றைய கூலி போயிற்று. பையில் ஊட்டச்சத்து மாவு, கைக்காசில் எடுத்த ஸ்கேன், வாந்திக்கு வெளியில் வாங்கிய மாத்திரை. நோய் தாமதமாகப் பிடிபடுவது இன்னொரு காரணம். தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி 2012-க்கும் 2016-க்கும் இடையே கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மூன்றாம், நான்காம் கட்டத்தில் இருந்தார்கள். விலை கூடிய மருந்துகளின் தேவை வருவது அந்தக் கட்டங்களில்தான்.

அரசாங்க வாசலுக்குள் நுழைந்தவுடன் எல்லாம் கிடைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். சுகாதார அமைச்சுக்கு ஃபுக்கம் என்றழைக்கப்படும் மருந்துப் பட்டியல் ஒன்று உண்டு. எந்த மருந்தை எந்த நோய்க்கு யார் எழுதலாம் என்பதுவரை அதில் வரையறுத்திருக்கிறார்கள். புற்றுநோய் மருந்துகளில் பலவற்றை அந்தத் துறை நிபுணர் மட்டுமே எழுத முடியும். பட்டியலில் பெயர் இருந்தாலும் மருத்துவமனையின் ஆண்டு ஒதுக்கீட்டில் இடம் இருக்க வேண்டும்; ஒதுக்கீடு தீர்ந்தால் காத்திருக்க வேண்டியதுதான். பட்டியலிலேயே இல்லாத மருந்து என்றால் நிபுணர் சுகாதாரத் தலைமை இயக்குநரின் சிறப்பு அனுமதிக்கு எழுதலாம். அனுமதி கிடைப்பது ஒன்று, அதற்குப் பணம் கிடைப்பது வேறொன்று. அந்த இடத்தில்தான் 2005-இல் அமைச்சு ஏற்படுத்திய தாபோங் பந்துவான் பெருபாத்தான் வருகிறது. அரசாங்க மருத்துவமனை இலவசமாகத் தராத மருந்துக்கும் கருவிக்கும், குடும்ப வருமானத்தைப் பார்த்து, முழுதாகவோ பாதியாகவோ இந்த நிதி பணம் தரும். விண்ணப்பத்தை நாமே எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க முடியாது. மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு வழியாகத்தான் போக வேண்டும். நிபுணரின் கடிதமும் வேண்டும். நான் பார்த்தவரையில் நம்மவர்கள் பலருக்கு அந்தப் பிரிவு இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும், ‘கெபாஜிக்கான் (சமூகநல) ஆபீசுக்குப் போகிற அளவுக்கு நாங்கள் இல்லை’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். முதல் வாரத்திலேயே தட்ட வேண்டிய கதவு அது.

அரசாங்க ஓய்வூதியர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸின் பழைய குடும்பங்களில் ரயில்வே, பொதுப்பணி, தந்தி, ஆசிரியப் பணி என்று ஓய்வூதியம் பெறுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அரசாங்க மருத்துவமனை தம்மிடம் இல்லாத மருந்தை எழுதிக் கொடுத்தால், பொதுச் சேவைத் துறையிடம் அந்தச் செலவைக் கோரலாம். துணைவருக்கும் இது பொருந்தும். ஆனால் எழுதிக் கொடுப்பவர் அரசாங்க மருத்துவராக இருக்க வேண்டும். தனியாரில் சிகிச்சையைத் தொடங்கிவிட்ட ஓய்வூதியர் இந்தச் சலுகையைக் கைநழுவவிடுவது அதனால்தான்.

தனியாருக்குப் போகலாமா என்றால், கையில் இருக்கும் மருத்துவக் காப்புறுதியைப் பொறுத்தது. பத்திரத்தை நோய் வருவதற்கு முன்னால் யாரும் படிப்பதில்லை. எடுத்த நாளிலிருந்து முதல் 120 நாட்களுக்குள் கண்டறியப்படும் புற்றுநோய்க்கு வழக்கமாகப் பணம் வராது. ஆண்டு வரம்பு எவ்வளவு, வெளிநோயாளியாகப் போடும் கீமோவுக்குப் பணம் வருமா, வீட்டில் விழுங்கும் மாத்திரைக்கு வருமா என்பனவற்றை ஜி.எல். எனப்படும் உத்தரவாதக் கடிதம் வருவதற்கு முன்பே ஏஜண்டிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இன்றைய இலக்கு மருந்துகளில் பல மாத்திரைகள். மருத்துவமனைக் கட்டிலில் படுக்காத நோயாளிக்கு அந்த மாத்திரையின் பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் பல குடும்பங்களைத் தடுமாற வைக்கிறது. 2024 கடைசியில் சந்தாத் தொகைகள் ஒரேயடியாக ஏறியபோது, ஏற்றத்தைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்து விதிக்கும்படி பேங்க் நெகாரா காப்புறுதி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. சந்தா கட்ட முடியாமல் பத்திரத்தைக் கைவிட்டவர்கள் நேரே அரசாங்க மருத்துவமனை வரிசையில் சேர்கிறார்கள்.

தனியாரிலிருந்து அரசாங்கத்துக்கு மாறுவது குற்றமும் இல்லை, அவமானமும் இல்லை. மாறும்போது பரிந்துரைக் கடிதத்தோடு திசு ஆய்வின் அறிக்கை, அதன் கண்ணாடிச் சில்லுகள், மெழுகுக் கட்டிகள், ஸ்கேன் படங்கள் அடங்கிய வட்டு ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அவை இல்லாவிட்டால் பயாப்சியை மறுபடி எடுக்க நேரும். பணமும் போகும், வாரங்களும் போகும்.

குடும்பத்தின் சொந்தப் பணம் என்று வரும்போது, கடனுக்கு முன்னால் பார்க்க வேண்டியது இ.பி.எஃப். கடும் நோய்ப் பட்டியலில் புற்றுநோய் இருப்பதால், அதன் அகாவுன் செஜாத்ரா கணக்கிலிருந்து மருத்துவத்துக்கு எடுக்கலாம். தனக்கு மட்டுமல்லாமல் துணைவர், பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவர்களுக்காகவும் எடுக்கலாம். ஒரே பிள்ளையின் கணக்கைக் காலிசெய்யாமல் உடன்பிறந்தவர்கள் பங்கு போட்டுக்கொள்ள இது வழிசெய்கிறது. வேலை செய்ய முடியாமலே போனால், 60 வயதுக்கு உட்பட்டவர்கள் சந்தா நிபந்தனைகளை நிறைவுசெய்திருந்தால் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். சொக்சோ என்றால் வேலையிடத்து விபத்துக்கு மட்டும்தான் என்று நம்மிடையே ஒரு நினைப்பு வேரூன்றியிருக்கிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக 2019-இல் வந்த பெக்கா பி40 திட்டம், புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு 1,000 வெள்ளியும் தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரையும் தருகிறது. சின்னத் தொகைதான், ஆனால் கிள்ளானிலிருந்து வந்துபோகும் செலவில்லாமல் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களுக்கு அது சின்னதாகத் தெரியாது. வருமான வரி கட்டும் பிள்ளைகள் ரசீதுகளைத் தூக்கி எறிய வேண்டாம். தனக்கோ துணைவருக்கோ பிள்ளைக்கோ கடும் நோய்ச் சிகிச்சை என்றால் 10,000 வெள்ளி வரையும், பெற்றோருக்கென்றால் 8,000 வெள்ளி வரையும் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கலாம்.

அறநிறுவனங்கள் வேறு. 1966-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ச் சங்கமும் 1994-இல் தொடங்கிய மக்னாவும் நோயாளிகளுக்கு நேரடியாக உதவுபவை. கோயில், முன்னாள் மாணவர் சங்கம், தீபாவளி நேரத்து நன்கொடை விருந்து என்று நம் சமூகம் திரட்டும் பணமும் உண்டு. இதில் எனக்கு ஒரு குறை இருக்கிறது. ஒரு முகத்துக்கு, ஒரு செய்திக்குப் பணம் சேர்கிறது. அது இரண்டு தவணைக்குப் போதும், பதினெட்டுக்குப் போதாது. மூன்றாம் தவணைக்கு அதே முகத்தைக் காட்டி மறுபடி கேட்க முடியாது. அப்போதுதான் சிலர் சட்டம் தடைசெய்த கூட்டுச் சீட்டுக்கும், ஆ லோங் எனும் கந்துவட்டிக்காரரிடமும் போகிறார்கள்.

இந்த உதவிகளுக்குள் வராதவர்களும் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறார்கள். உணவகங்களில் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கு வெளிநாட்டவர் கட்டணம். அவருக்கான ஸ்பிக்பா காப்புறுதியின் ஆண்டு வரம்பு 20,000 வெள்ளி. புற்றுநோய்க்கு அது சில வாரம் தாங்கும். ஊர் திரும்பினால், குடும்ப வருமானம் வரம்புக்குள் இருக்கும் பட்சத்தில், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பார்க்கலாம். இதைவிடக் கடினம், இங்கேயே பிறந்து நீல அடையாள அட்டை இல்லாமல் இருப்பவர்களின் நிலை. திரும்பிப் போக அவர்களுக்கு வேறு ஊர் கிடையாது. கட்டணம் மட்டும் வெளிநாட்டவருக்குரியது.

இதுவரை சொன்னதெல்லாம் விலையை அப்படியே வைத்துக்கொண்டு பணம் தேடும் வழிகள். ஏழை நோயாளியின் கைக்கு ஒரு புற்றுநோய் மருந்து நிலையாக வந்து சேர்ந்த கதையைப் பார்த்தால், விலையே உடைந்தபோதுதான் அது நடந்திருக்கிறது. நாட்பட்ட ஒருவகை ரத்தப் புற்றுநோயை, தினம் ஒரு மாத்திரையோடு பல்லாண்டு வாழக்கூடிய நோயாக மாற்றியது இமாட்டினிப். நொவார்ட்டிஸ் நிறுவனம் இதை கிளிவெக் என்ற பெயரில் 2001-இல் அமெரிக்காவில் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே மேக்ஸ் அறக்கட்டளை வழியாகப் பல நாடுகளின் ஏழை நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தையும் தொடங்கியது. மலேசியாவில் அரசும் நிறுவனமும் செலவைப் பகிர்ந்துகொண்ட மைபேப் திட்டத்தில், ரத்தநோய்ச் சிகிச்சைக்குப் பேர்போன அம்பாங் மருத்துவமனை போன்ற இடங்களில் நோயாளிகள் இம்மருந்தைப் பெற்றார்கள். அது காப்பாற்றிய உயிர்களைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் யாருக்கு, எத்தனை காலம் என்பதை நிறுவனமும் சேர்ந்துதான் முடிவுசெய்கிறது. இன்று தனியார் மருத்துவமனைகளில் ‘இத்தனை தவணை வாங்கினால் இத்தனை இலவசம்’ என்று வரும் திட்டங்களும் இதே வகைதான். கேட்டால் கிடைக்கும், கேட்காதவருக்குச் சொல்ல ஆளிருக்காது. அதனால் மருத்துவரிடம் கேளுங்கள். முதல் சில தவணைக்கே பணமில்லாதவருக்கு அந்தச் சலுகையின் இலவசப் பகுதி எட்டாது.

விலையை உடைத்த வேலை சென்னையில் நடந்தது. இமாட்டினிப்பின் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நொவார்ட்டிஸ் 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் இந்திய மருந்து நிறுவனங்களும் எதிர்த்தன. 2006 ஜனவரியில் விண்ணப்பம் தள்ளுபடியானது. பழைய மருந்தில் சிறு மாற்றம் செய்து, சிகிச்சைப் பலன் கூடியதைக் காட்டாமல் புதுக் காப்புரிமை கேட்க முடியாது என்கிறது இந்தியச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவே செல்லாது என்று தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1-இல் உச்சநீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளியது. மாதம் ஏறக்குறைய 1,20,000 ரூபாய் விற்ற மருந்தின் ஜெனரிக் வடிவம் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. ஈரல் புற்றுநோய்க்கான சோராஃபெனிப்புக்கு 2012 மார்ச்சில் இந்தியா கட்டாய உரிமம் வழங்கியபோது, மாதம் 2,80,000 ரூபாய் என்றிருந்த விலை 8,800 ரூபாய்க்கு இறங்கியது.

இந்தக் கதையைக் கேட்டுத்தான் இங்கிருந்து பலர் சென்னைக்கும் வேலூருக்கும் போகிறார்கள், போகிறவரிடம் மாத்திரையும் வாங்கி வரச் சொல்கிறார்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு ஒரு மாத அளவு வரை கொண்டுவர மலேசிய விதி இடம் தருகிறது. அதற்கு மேல் போனாலோ இன்னொருவருக்கு விற்றாலோ சட்டச் சிக்கல். மருத்துவரின் சீட்டும் கடையின் ரசீதும் கூடவே இருக்க வேண்டும். முகம் தெரியாத ஏஜண்டிடம் ஊசி மருந்து வாங்குவது ஆபத்து. 2024 மார்ச்சில் டெல்லிக் காவல்துறை பிடித்த கும்பல் ஒன்று, காலியான புற்றுநோய் மருந்துக் குப்பிகளில் பூஞ்சைக்கான மலிவு மருந்தை நிரப்பி விற்றுக்கொண்டிருந்தது. மருத்துவமனைகளில் வேலை செய்தவர்களும் அதில் பிடிபட்டார்கள். இங்கே வாங்கும் மருந்தென்றால் பெட்டியில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் பதிவெண்ணையும் ஹோலோகிராம் ஒட்டியையும் பார்த்துக்கொள்ளலாம்.

மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 வகையினருக்கான டிராஸ்டுசுமாப் இன்னொரு பாடம். இது மாத்திரையல்ல, உயிரணுக்களில் வளர்த்தெடுக்கும் மருந்து. அதன் நகலை பயோசிமிலர் என்கிறார்கள். 2019 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் முதல் பயோசிமிலர் ஒன்றுக்குத் தரச்சான்று கொடுத்தபோது, அசல் மருந்துக்குச் சராசரியாக 20,000 அமெரிக்க டாலர் செலவாகிறது என்றும் நகல்கள் அதைவிட ஏறக்குறைய 65 விழுக்காடு மலிவு என்றும் சொன்னது. மலேசியச் சந்தையிலும் இப்போது நகல்கள் உண்டு. ‘நகல்’ என்றதும் தரக்குறைவு என்று பின்வாங்க வேண்டியதில்லை. பதிவு பெற்றதா என்பதே கேள்வி.

நான் மிக முக்கியமாகக் கருதுவது அதிகம் பேசப்படாத மூன்றாவது வழி: மருந்தின் அளவையும் காலத்தையும் ஆராய்ந்து குறைப்பது. டிராஸ்டுசுமாப் ஓராண்டு, அதாவது 18 தவணை, போடுவதுதான் வழக்கம். பிரிட்டனில் 4,089 பெண்களிடம் நடந்த பெர்செஃபோனி ஆய்வு, ஆறு மாதம் போட்டவர்களும் ஏறக்குறைய அதே பலனைப் பெற்றதை 2019-இல் காட்டியது. மருந்துச் செலவில் பாதி அங்கேயே மிச்சமாயிற்று. இதயத்துக்கு வரும் தொல்லையும் குறைந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு இன்னும் துணிச்சலானது. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ள 151 பேரைச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் மலிவான மாத்திரைகள். ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப். வழக்கமான அளவில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஓராண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் ஊசி பெறாத பிரிவில் 16.3 விழுக்காடு, ஊசி பெற்ற பிரிவில் 43.4 விழுக்காடு. 2022-இல் இது வெளியானது. மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் அதிகம் தாக்குவது இந்தியர்களை. வெற்றிலை பாக்கும் புகையிலையும் அதில் பெரும்பங்கு. அந்த ஆய்வு நம்மைப் போன்றவர்களுக்காகவே நடந்தது போலிருக்கிறது. நோயாளி தானாக அளவைக் குறைத்துக்கொள்வது தற்கொலைக்குச் சமம். ஆனால் ‘எனக்கு முழு அளவு கட்டுப்படியாகாது, ஆராய்ந்து பார்த்த குறைந்த அளவு ஏதும் உண்டா?’ என்று நிபுணரிடம் கேட்பது நியாயமான கேள்வி.

அரசாங்கம் என்ன செய்கிறது? மருந்து விலைக்கு மலேசியாவில் உச்சவரம்பு இல்லை. 2025 மே 1 முதல் தனியார் மருத்துவ நிலையங்களும் மருந்தகங்களும் விலையை எழுதிக் காட்ட வேண்டும் என்ற ஆணை நடப்புக்கு வந்தது. அதை எதிர்த்து மருத்துவர்கள் புத்ராஜெயாவில் பேரணி நடத்தினார்கள். இருமல் மருந்து வாங்குபவருக்கு அந்த ஆணை பயன்படும். ஊசியின் விலை தெரிந்தபின் வேறு கடைக்குப் போகும் வசதி புற்றுநோயாளிக்கு இல்லை. இந்தியா 2019-இல் 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக லாபத்துக்கு 30 விழுக்காடு வரம்பு வைத்தது. அங்குள்ள தேசியப் புற்றுநோய் மருத்துவமனைக் கூட்டமைப்பு 40 மருந்துகளைச் சேர்ந்து கொள்முதல் செய்ததில் 82 விழுக்காடு மிச்சமானது.

மலேசியாவுக்குத் துணிச்சல் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1983-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, 2003-இல் எச்ஐவி மருந்துகளை இந்தியாவிலிருந்து வரவழைக்க அனுமதி தந்தது. 2017-இல் கல்லீரல் அழற்சி ‘சி’க்கான சோஃபோஸ்புவிருக்கும் அரசுப் பயன்பாட்டு உரிமையை எடுத்துக்கொண்டது. புற்றுநோய் மருந்து எதற்கும் அந்த அதிகாரத்தை இதுவரை பயன்படுத்தவில்லை. அந்த விவாதம் நாடாளுமன்றத்துக்கு வரும் வரை காத்திருக்காமல், நோயாளிகள் சங்கங்கள் இன்றே கேட்கக்கூடிய ஒன்று உண்டு. விலை கூடிய மருந்துகள் ஒவ்வொன்றுக்கும் எந்த மருத்துவமனையில் இந்த ஆண்டு எத்தனை பேருக்கு ஒதுக்கீடு, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், தாபோங் விண்ணப்பத்துக்கு முடிவு வர எத்தனை வாரம் ஆகிறது என்பதை அமைச்சு மாதந்தோறும் வெளியிட வேண்டும். அந்தப் பட்டியல் கையில் இருந்தால், பயாப்சி முடிவு வந்த வாரமே கிள்ளானில் ஒரு குடும்பம் கணக்குப் போட்டுப் பார்த்து, எங்கே போவது என்று முடிவெடுக்கலாம்.